ஊற்றுப் பக்கம் நின்ற வண்டி

“ஏனுங்க அம்மணி, இன்ஜினுக்குள்ள போற காத்து குளுகுளுன்னு போனா வண்டி நல்லா இழுக்குமுங்களா?”

பட்டறை வாசலில் நின்றபடி இன்னாசி கேட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

தமயந்தி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். பந்தய வண்டிகளைச் சரிசெய்கிறவள். இன்னாசிக்கு மகள் வயது. ஆனாலும் அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் அவளை குரு என்றுதான் சொல்வார்கள், பாதி கேலி, பாதி நிஜம்.

“இழுக்கும்,” என்றது அடியிலிருந்து குரல்.

“எவ்வளவுங்க?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம் பத்தாதுங்களே.”

தமயந்தி வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னாசி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரி மலை மேல். அடிவாரத்து ஊர்களில் யாருக்கு முடியாமல் போனாலும் அவர்தான் மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

“போன வாரம் ஒரு பிரசவக் கேஸுங்க. உச்சி வெயில். வண்டி முக்கி முனகி ஏறுது. ஆஸ்பத்திரி போய்ச் சேரலீங்க. பாதி மலையில, ஊத்துப் பக்கம், வண்டியிலேயே பிறந்திருச்சு.”

“பிள்ளை?”

“நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. நர்ஸம்மா தட்டித் தட்டி அழ வச்சாங்க. பொழைச்சுக்கிச்சு.”

வெளியே நின்ற ஆம்புலன்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்ததும் பொழைக்கோணுமுங்களே. ரேஸ் வண்டிக்கெல்லாம் முன்னாலிருந்து குளிர்ந்த காத்து எடுக்கறதுக்குக் குழாய் போடறீங்களாமா. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

அவள் போய் ஆம்புலன்ஸின் பானெட்டைத் தூக்கினாள். ரேடியேட்டரைப் பார்த்தாள். பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள். பில்டரைக் கழற்றித் தட்டி மாட்டினாள். எதிலும் குறையில்லை.

காற்று போகும் குழாயைச் சுற்றி ஒரு சாக்கு கட்டியிருந்தது.

“இதென்னங்ணா?”

“ஈரச் சாக்குங்க. அம்பாசடர் காலத்துல சூட்டுல வண்டி நின்னுறாம இருக்க, இன்ஜின்ல இருக்கற பெட்ரோல் பம்புக்கு ஈரத்துணி சுத்தி, வழியில நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்துவோம். எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது. இது டீசல் வண்டி. பம்பு எங்க ஒளிஞ்சிருக்குதுன்னே தெரியல. அதான் குழாய்க்குச் சுத்திட்டேன்.”

தமயந்தி சிரிக்கவில்லை. சாக்கை அவிழ்க்கவும் இல்லை.

மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் செருகினாள். அதன் மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. உள்ளே போகிற காற்றின் சூட்டை அது எண்ணாகக் காட்டும். அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டினாள்.

“கேஸ் ஏத்திட்டுப் போற மாதிரியே போங்க.”

பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள்.

“அம்மணி, அது நோயாளி படுக்கறதுங்க.”

“தெரியும்.”

பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

வண்டி மலை ஏறியது. அன்றும் நல்ல வெயில்.

“எத்தனை?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“நாப்பத்தி நாலுங்க.”

பாதி மலையில் ஊற்று வந்தது. இன்னாசி ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து பழைய தகர டின் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“ஏன் நின்னுட்டோம்?”

“ஊத்து வந்திருச்சுங்க. சாக்கு நனைக்கோணும்.”

இன்னாசி டின்னில் தண்ணீர் பிடித்துவந்து பானெட்டைத் தூக்கினார்.

அவர் வயர்களில் படாமல், ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினார். அதில் அவருக்குக் கை நல்ல பழக்கம்.

“எத்தனை?”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“அம்பத்தி எட்டு.”

இன்னொரு டின் பிடித்துவந்து ஊற்றினார். வழக்கத்தைவிட நிதானமாக ஊற்றினார்.

“எத்தனை?”

“அறுபத்தி மூணு. அம்மணி, உங்க பெட்டி கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க.”

“இருக்கும். போலாம்.”

வண்டி நகர்ந்தது. அடுத்த வளைவில் எண் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. அதற்கடுத்ததில் நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையும்போது நாற்பத்திரண்டு.

வழியெல்லாம் இன்னாசி ரோட்டைவிடப் பெட்டியைத்தான் அதிகம் பார்த்தார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. எண் ஏறத் தொடங்கியது. சாவியைத் திருப்பினார். முற்றத்தை ஒரு சுற்று சுற்றினார். எண் இறங்கியது. நிறுத்தினார். ஏறியது. மறுபடி சுற்றினார்.

“என்னப்பா இன்னாசி, ஞானஸ்நானம் வாங்கினவன் பிரதட்சணம் வர்றே?” என்றார் காவலாளி.

இன்னாசி காதில் அது விழவில்லை.

வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சாக்கைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாகவே இருந்தது.

தமயந்தி இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“குழாய் போட்டுத் தர்றேன்,” என்றாள். “கொஞ்சம் இழுக்கும்.”

“சரிங்க.”

அவள் கையை நீட்டினாள்.

“அந்த டின்னைக் குடுங்க.”

“இது எங்க வாத்தியாரோடதுங்க.”

நீட்டிய கை அப்படியே இருந்தது.

இன்னாசி சீட்டுக்கு அடியில் குனிந்து டின்னை எடுத்தார். அடியில் மிச்சமிருந்த தண்ணீரை மண்ணில் கொட்டினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். கொடுத்தார்.

பிறகு திறந்து கிடந்த பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஸ்ட்ரெச்சர் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

“போன வாரம் அந்தப் பொண்ணும் இதையேதானுங்க கேட்டுச்சு.”

“எதை?”

“ஏன் நின்னுட்டோம்னு.”