வடிமேடைக்குப் போகும் வழி

கருங்கல்புதூர் மடத்தில் ஆவணி மூலத்தன்று குருபூசை. எழுநூறு பேர் சாப்பிடும் நாள்.

அன்று காலை பத்து மணிக்கு ஆறாவது ஈடு சோறு வெந்திருந்தது. மடத்து அடுக்களையில் வேலை செய்யும் வேலாத்தாளும் துளசிமணியும் ஆளுக்கொரு பக்கம் துணியைச் சுற்றிக் காதைப் பிடித்து அண்டாவை அடுப்பிலிருந்து தூக்கினார்கள். கஞ்சி வடிக்கும் மேடை எதிர்ச்சுவரை ஒட்டி இருந்தது. மேடையை நெருங்கும்போது, அதற்கு முன்னாலிருந்த வரம்புக்கல்லில் வேலாத்தாளின் கால் தட்டியது. அண்டா சாய்ந்தது. கொதிக்கும் கஞ்சி துளசிமணியின் முழங்காலுக்குக் கீழே கொட்டியது.

துளசிமணி கத்தவில்லை என்று பிறகு சொன்னார்கள். அண்டாவைத் தரையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பந்தி ஒரு மணி நேரம் தாமதமாக நடந்தது. வந்தவர்களில் பலருக்கு எதுவும் தெரியாது. பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் தெய்வசிகாமணி மடத்துத் தலைவரான அடிகளைப் பார்க்க வந்தார்.

தெய்வசிகாமணி அரசாங்கத்தில் கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடங்களுக்கு முன் தீட்சை வாங்கிக்கொண்டு மடத்திலேயே தங்கிவிட்டார். அடுத்த வருடம் மடத்தின் புது அடுக்களைக்கு வரைபடம் போட்டதும், பக்கத்தில் நின்று கட்டியதும் அவர்தான். அதன் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. அவருடைய குரு நல்லசிவ அடிகள் அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

"சாமி, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க."

"கவனத்தை எப்படிங்க கத்துக்கொடுக்கறது?"

"யாருக்கு?"

"வேலாத்தாளுக்கு. அடுக்களையில இருக்கற எல்லாருக்குமே. கூடத்துல இருந்து யாரோ மோர் கேட்டிருக்காங்க. அந்தம்மா திரும்பிப் பாத்திருக்கு. அந்த ஒரு நொடிதானுங்க. கையில கொதிக்கிற அண்டா இருக்கறப்ப மனசு வேற பக்கம் போகலாமுங்களா?"

அடிகள் திருப்பிக் கேட்டார்.

"துளசிமணிக்கு என்ன சொல்றாங்க?"

"காலை ஊனி நடக்க நாப்பது நாள் ஆகுமாம்."

"அதுவரைக்கும் அண்டாவோட இன்னொரு காதை யார் புடிப்பாங்க?"

"ஆள் பாக்கறனுங்க."

"நீங்க புடிங்க."



"எனக்கு அறுபத்தஞ்சு ஆச்சுங்க சாமி."

"தினசரிச் சமையல் அறுபது பேருக்குத்தான். சின்ன அண்டா."

"சரிங்க. அந்தப் பக்கத்துக்கு வேற ஒரு ஆளை..."

"அந்தப் பக்கம் வேலாத்தாதான். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை தெய்வசிகாமணி வேலாத்தாளின் வீட்டுக்குப் போனார். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. அவரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சாமி உங்களை வரச்சொன்னாங்க அம்மிணி."

"நான் இனி வர்றதில்லீங்கய்யா. இருபது வருசமா எங்கூட வேலை செஞ்சவ. அவ காலை நானே வேக வெச்சுட்டனே."

"அந்த வரம்புக்கல்லு அங்க இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. மூணு வருசமா தெரியும்."

"தெரிஞ்சுமா இடிச்சீங்க?"

வேலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். சாமி சொன்னார் என்பதற்காக, செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் வந்தாள்.

அன்றைக்கு அவர் முதல்முறையாக அண்டாவின் காதைப் பிடித்தார். அவர் வரைந்த அடுக்களை அது. தாளில் அதை நூறு தடவையாவது பார்த்திருப்பார். கிழக்குச் சுவரோரம் அடுப்புகள். மேற்குச் சுவரோரம் வடிமேடை. சாக்கடைக் குழாய் மேற்கே போவதால் மேடை அங்கே. வடித்த தண்ணீர் தரையில் பரவாமலிருக்க மேடைக்கு முன்னால் நாலு விரல் உயரத்துக்கு ஒரு வரம்புக்கல். நடுவில் சாமான் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நேரான வழி. தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அண்டாவைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடியில் மூடுபனி போல் படிந்தது. நடுவழியில் பரிமாறுகிற ஒருவர் வாளியோடு குறுக்கே போனார். நின்றார்கள். அவர் போனதும் நடந்தார்கள். வரம்புக்கல் வந்ததும் வேலாத்தாள், "கல்லுங்க" என்றாள். அவர் காலைத் தூக்கி வைத்தார். வடித்து முடித்தபோது அவருக்கு முதுகு விண்ணென்று தெறித்தது.

ஒரு வாரம் போயிற்று. எட்டாம் நாள் ஒரு பலகையில் பெரிய எழுத்தில், 'கல் உள்ளது, கவனம்' என்று எழுதி மேடைக்கு மேலே மாட்டினார்.

வேலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்கய்யா எழுதியிருக்குது?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கவனமா வரணும்னு."

"சரிங்க" என்றாள் அவள்.

அன்று மதியம் அடிகள் அடுக்களைக்கு வந்தார். பலகையைப் படித்தார். அப்படியே திரும்பிப் போனார்.

அதன் பிறகு தெய்வசிகாமணி கவனத்தைத் தனக்கே பழக்கிக்கொள்ள முடிவு செய்தார். அண்டாவைத் தூக்கும்போது ஐந்தெழுத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். ஒவ்வொரு எட்டுக்கும் ஓர் எழுத்து. கூடத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பத்து நாள் அப்படியே நடந்தது. மனம் இவ்வளவு அடங்கி நின்றதில்லை என்று அவருக்கே தோன்றியது.

இருபத்திரண்டாம் நாள் அமாவாசை. கூட்டம் கொஞ்சம் அதிகம் என்பதால் பெரிய அண்டா வைத்திருந்தார்கள். அதை இருவரும் பக்கம் பக்கமாக நடந்து கொண்டுபோக முடியாது. ஒருவர் பின்பக்கமாக நடந்தாக வேண்டும். தெய்வசிகாமணி பின்பக்கமாக நடந்தார். ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தார். சாம்பார் வாளியோடு ஒருவர் குறுக்கே வந்தார். அவருக்கு வழிவிட இவர் அரை அடி விலகினார். வேலாத்தாள் சொல்வதற்குள் குதிகால் கல்லில் தட்டியது. அப்படியே மல்லாந்து விழுந்தார்.

அண்டா அவர் மேல் வந்திருக்க வேண்டும். வேலாத்தாள் அதைத் தன் பக்கமாக இழுத்தாள். கஞ்சி அவள் இடது கையில் முழங்கைவரை வழிந்தது. அவள் பிடியை விடவில்லை. மற்றவர்கள் ஓடிவந்து அண்டாவை வாங்கும்வரை நின்றாள்.

கையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்தபடி அவள் அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கவனமாத்தானுங்க வந்தீங்க" என்றாள் வேலாத்தாள். "நான் பாத்துட்டேதான் இருந்தேன். உங்க மேல தப்பில்லீங்க."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேராக அடிகளிடம் போனார். வேட்டியெல்லாம் ஈரம்.

"நான் கவனமாத்தான் இருந்தேன் சாமி."

"ஆமா."

"ஒரு எழுத்துக்கூட விடலை."

"தெரியும்."

"அப்படின்னா அன்னிக்கு வேலாத்தாளும்..." அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கல்லை நான்தானுங்க வெச்சேன். மேடையை அந்தச் சுவத்துல போட்டது நான். எல்லாரும் குறுக்க போற மாதிரி வழி விட்டது நான். மூணு வருசமா ஒருத்தரும் விழாம இருந்ததே அவங்களோட கவனத்துலதான். நான் அவங்களுக்குக் கவனம் இல்லைன்னு சொன்னேன்."



"இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார் அடிகள்.

தெய்வசிகாமணி வெளியே வந்தார். வேட்டியை மாற்றிக்கொண்டு துளசிமணியின் வீட்டுக்குப் போனார். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் விழுந்ததையும் வேலாத்தாள் அண்டாவைத் தன் பக்கம் இழுத்ததையும் சொன்னார்.

துளசிமணி வாசல் பக்கம் பார்த்தாள்.

"வேலாத்தா இங்க ஒரு தடவைதான் வந்தாளுங்க. வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போயிட்டா. அப்புறம் வரவே இல்லை. அவகிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை அம்மிணி."

"எனக்குக் காலு ஆறிடுமுங்க. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை, அடுக்களையில் எல்லோரும் இருக்கும்போது தெய்வசிகாமணி சொன்னார். வேலாத்தாள் மேல் தவறில்லை என்றார். தவறு இந்தக் கட்டடத்தில் இருக்கிறது, கட்டியது நான் என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வேலாத்தாள் கட்டுப் போட்ட கையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. கீரையின் மேல் கண்ணீர் விழுந்தது. அதைத் துடைக்காமல் ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

அன்று மாலை அவர் வெற்றுத் தாளும் பென்சிலுமாக அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். பெண்களைக் கூப்பிட்டுச் சுற்றி உட்காரச் சொன்னார்.

"எது எங்க இருந்தா உங்களுக்குச் சௌகரியம்? சொல்லுங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலாத்தாள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டாள்.

"இது அடுப்புங்க." அதை ஒட்டினாற்போல் ஒரு கட்டம் போட்டாள். "வடிக்கிற மேடை இங்கயே இருந்தா ஆச்சுங்களே. அடுப்பு உயரத்துக்கே. நவுத்திச் சாய்ச்சாப் போதும். தூக்கவே வேண்டாம்."

"சாக்கடை மேக்க இருக்குதே?"

"தண்ணி நடந்து போவட்டுமுங்க. நாங்க எதுக்கு அண்டாவைத் தூக்கிட்டுப் போறோம்?"

இன்னொருத்தி, வாளிக்காரர்கள் அடுக்களைக்குள் நுழையாமல் வெளித் தாழ்வாரம் வழியாகவே போகலாமே என்றாள். அதற்கு வடக்குச் சுவரில் ஒரு கதவு வைத்தால் போதும். ஆவி வெளியே போக அடுப்புக்கு மேலே ஜன்னலை உயர்த்த வேண்டும் என்றாள் மற்றொருத்தி. உப்பு ஜாடியை எடுக்கத் தீயின் மேலே கையை நீட்ட வேண்டியிருக்கிறது என்று கைத்தழும்பைக் காட்டினாள் வேறொருத்தி. பேச ஆரம்பித்ததும் நிற்கவில்லை. தெய்வசிகாமணி எழுதிக்கொண்டே இருந்தார். இருட்டும்வரை எழுதினார்.

எழுந்திருக்கும்போது வேலாத்தாளிடம் கேட்டார்.

"இதெல்லாம் மூணு வருசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"கேக்கலீங்களே" என்றாள் அவள். அதில் குறை சொல்லும் தொனி இல்லை.

ஒரு மாதம் அடுக்களை மூடியிருந்தது. பின்புறம் தகரக் கொட்டகை போட்டுச் சமைத்தார்கள். வரம்புக்கல்லைத் தெய்வசிகாமணியே கடப்பாரையால் பெயர்த்தார். கொத்தனார் கடப்பாரையை வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை. தரையை ஒரே சரிவாக்கி, அடுப்போரம் கல்மேடை கட்டி, அடியில் வாய்க்கால் விட்டார்கள். மேடையின் உயரத்தை வேலாத்தாள் நின்று பார்த்துச் சொன்னாள். இரண்டு தடவை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது.

துளசிமணி கார்த்திகையில் வேலைக்குத் திரும்பினாள். கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். தைக்குள் அதுவும் சரியாயிற்று. தோல் மட்டும் நிறம் மாறியே இருந்தது.

அடுத்த ஆவணி மூலத்துக்கு எழுநூற்றைம்பது பேர் வந்தார்கள். ஒன்பது ஈடு சோறு. தெய்வசிகாமணி விடியற்காலையிலிருந்து அடுக்களை வாசலிலேயே நின்றார். கடைசி ஈடு வடிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

பந்தி முடிந்ததும் அடிகளிடம் போனார். அடிகள் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, இந்த வருசம் ஒருத்தர் மேலயும் ஒரு சொட்டு தெறிக்கலீங்க."

"நல்லது."

"எல்லாரும் அவ்வளவு கவனமா இருந்தாங்க."

அடிகள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்தேன்" என்றார். "துளசிமணி அவ சம்பந்தி வீட்டுக் கதையைச் சொல்லிட்டு இருந்துச்சு. வேலாத்தா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுக்கிட்டே அண்டாவைச் சாய்ச்சுது. ரெண்டு பேருமே அண்டாவைப் பாக்கலை."