பின்லாந்துக்குப் போன பொண்டாட்டி

சின்ன வெங்காயம் ஒரு முறம் நிறைய உரிக்கக் கிடக்கிறது. கை பாட்டுக்கு உரிக்கட்டும், நான் பாட்டுக்குச் சடையாண்டி கதையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிரித்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அவரைக்குளத்துக்காரர்கள் எங்களுக்குச் சொந்தம் வேறு.

அந்த அவரைக்குளத்தில் ஐந்து பேர். எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போவார்கள். நல்லவர்கள், வம்பு தும்பு கிடையாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அது ஒன்றுதான் கஷ்டம். "அடுப்பைப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கித் தரையில் ஓடினாலும் அடுப்பையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐவரில் பெரியவர் கந்தப்பிச்சை. வழுக்கைத் தலை, வெண்கலக் குரல். அடுத்தது தையல்காரர் ஒச்சு, ஆடு மேய்க்கிற வீரணன், குச்சி ஐஸ் விற்கிற மொக்கையன். கடைக்குட்டிதான் நம்ம சடையாண்டி. அவனுக்குச் சொத்து என்று இருந்தது தலைமுடி ஒன்றுதான். சுருட்டை சுருட்டையாக, எண்ணெய் வைத்தால் கருந்திராட்சைக் குலை மாதிரி தொங்கும்.

அந்த முடியைத்தான் வாகைக்குளத்துச் செவ்வந்தி சந்தையில் பார்த்திருக்கிறாள். கட்டினால் அந்தச் சுருட்டை முடிக்காரரைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா குருவையா ஆள் அனுப்பினார்: "நான் மாப்பிள்ளையைப் பாத்ததில்ல. மேலமந்தைப் பள்ளிக்கூட விழாவுல மேடை ஏறுறாராமே. வந்து பாக்கிறேன். பிடிச்சா அங்கேயே வெத்தலை பாக்கு மாத்திக்குவோம். பிடிக்கலைன்னா அடுத்த இடம் பாக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. விழா ஒன்றுதான் அவனுக்குக் கதி.

அந்த விழாவில் ஊருக்கு ஒரு தேசம் என்று பங்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள். நம்மவர்கள் போய்ச் சேருவதற்குள் ஜப்பான், எகிப்து எல்லாம் போய்விட்டன. மிச்சம் கிடந்தது வடக்கே ஒரு மூலையில் இருக்கிற ஐந்து குளிர் நாடுகள். ஜெசிந்தா டீச்சர் அந்த ஐந்தையும் மொத்தமாக இவர்கள் தலையில் கட்டினார்.

"இதுக்கு நார்டிக் நாடுகள்னு பேரு. டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து. சின்னம், ஆட்சி, விளையாட்டு, இந்த மூணையும் ஒப்பிட்டுக் காட்டணும்."

"ஒப்பாரி வச்சா டீச்சர்?" என்றான் வீரணன்.

"ஒப்பிட்டுப்பா, ஒப்பிட்டு! எது ஒண்ணா இருக்கு, எது வேறயா இருக்குன்னு. டென்மார்க், சுவீடன், நார்வே மூணும் முடியாட்சி. பின்லாந்தும் ஐஸ்லாந்தும் குடியரசு, அங்க முடியெல்லாம் கிடையாது. டென்மார்க்கோட பறவை அன்னம். சுவீடனுக்குச் சின்னம் மூணு முடி. நார்வேக்குக் கோடாலி பிடிச்ச சிங்கம். அவங்க கால்ல கட்டையைக் கட்டிக்கிட்டுப் பனியில சறுக்குவாங்க. பின்லாந்துல ஒரு வேடிக்கை, பொண்டாட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுற பந்தயம் வச்சிருக்காங்க. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சது டீச்சர்" என்றார்கள் ஐந்து பேரும். டீச்சர் பாவம், நம்பிவிட்டார்.

ஒச்சுவின் தையல் கடையில் கூடி உட்கார்ந்தார்கள்.

"டென்மார்க்கு எனக்கு" என்றார் கந்தப்பிச்சை. "பேருலேயே டென் மார்க்கு இருக்குடா. சும்மா நின்னாலே பத்து மார்க்கு போட்டுத்தான் ஆகணும்."

ஐஸ்லாந்தை மொக்கையன் கேட்காமலேயே எடுத்துக்கொண்டான், தொழில் அப்படி. வீரணனிடம் கோடாலி இருந்ததால் நார்வே. ஒச்சுவுக்குச் சுவீடன்.

"அப்ப பின்லாந்து நீதான்டா சடையாண்டி."

"அண்ணே, அதுல பொண்டாட்டியைத் தூக்கிட்டு ஓடணுமே? எனக்குத்தான் பொண்டாட்டி இல்லையே?"

கந்தப்பிச்சை தம் சம்சாரம் பேச்சியம்மாளை மனசுக்குள் ஒரு தரம் தூக்கிப் பார்த்தார் போலிருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அதாண்டா நல்லது. இல்லாத பொண்டாட்டி கனக்காது. எங்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல."

சடையாண்டிக்கு அது நியாயமாகவே பட்டது.

"இன்னொண்ணு" என்று ஒச்சு கத்தரிக்கோலை எடுத்தார். "டீச்சர் என்ன சொன்னாங்க? மூணு நாட்டுல முடியாட்சி. முடி இருக்கும். பின்லாந்துலயும் ஐஸ்லாந்துலயும் முடி கிடையாது."

மொக்கையன் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டான். சடையாண்டிதான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"ஐயோ அண்ணே, செவ்வந்தி இந்த முடியைப் பாத்துத்தானே சரின்னா? இதை எடுத்துட்டா அவங்க அப்பாவுக்கு என்னை எப்படி அடையாளம் தெரியும்?"

"பின்லாந்துக்காரனுக்கு முடி இருந்தா அவரு சிரிக்க மாட்டாரா? பொய் சொல்ற மாப்பிள்ளைன்னு போயிடுவாருடா" என்றார் ஒச்சு.

பொய்யன் என்று பேர் எடுப்பதை விட மொட்டை மேல் என்று சடையாண்டி கண்ணை மூடி உட்கார்ந்தான். திராட்சைக் குலைகள் ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன. அவன் மூக்கை உறிஞ்சினான்.

"அழாதடா. ஒரு இழையும் வீணாப் போகாது" என்றார் கந்தப்பிச்சை. "டென்மார்க்குக்கு முடி வேணும். எனக்கு எங்க இருக்கு? இதை நான் வச்சுக்கிறேன்."

சுவீடனுக்கு மூன்று முடி என்றதால், ஒச்சு தமக்குத் தாமே வழித்துக்கொண்டு உச்சியில் மூன்றே மூன்று முடியை மட்டும் விட்டுவைத்தார். அதற்கும் எண்ணெய் தடவி, ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமும் சீவினார். நடுவில் நின்றதை ராஜா என்றார்.

மறுநாளிலிருந்து பயிற்சி. வீரணன் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் குளத்தங்கரைப் புல் மேல் பனி விழுந்திருந்த இடமாகப் பார்த்துப் போய் நின்றான். வெயில் வரும் வரைக்கும் நின்றான். பனி காய்ந்ததும் கட்டையை அவிழ்த்துவிட்டு, "நார்வே இன்னிக்கு முடிஞ்சு போச்சு" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

சடையாண்டியோ கரை நெடுக ஓடினான். ஒரு கை முதுகைத் தாங்குகிற மாதிரி, ஒரு கை காலைத் தாங்குகிற மாதிரி வெறுங்கையை ஏந்திக்கொண்டு ஓட்டம். மூச்சு வாங்கினால் குனிந்து அவளை மெதுவாக மரத்தடியில் உட்கார வைப்பான். முள் இருக்கிறதா என்று தரையைத் தடவிப் பார்ப்பான். ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வர மறந்து வீட்டுக்கு வந்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிப் போய்த் தூக்கி வந்தானாம்.

விழா நாள் வந்தது. திறந்த வெளியில் மேடை. முன்வரிசையில் குருவையா, பக்கத்தில் புதுத் தாவணியில் செவ்வந்தி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் சடையாண்டி கந்தப்பிச்சையிடம் ஓடினான்.

"அண்ணே, நான் முன்னால நிக்கட்டுமா? அவரு என்னைப் பாக்கணுமே."

"பேரு என்னடா உன் நாட்டுக்கு?"

"பின்லாந்து."

"பின்லாந்து பின்னால நிக்காம முன்னால நின்னா அதுக்குப் பேரு முன்லாந்து. போடா பின்னால."

சடையாண்டி போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றான். முன்னால் வந்து நின்றது கந்தப்பிச்சை. தலை நிறைய சடையாண்டியின் சுருட்டை முடி. கையில் ஒரு தட்டு நிறையச் சோறு.

"இது டென்மார்க்கு!" என்று முழங்கினார். "இங்க முடியாட்சி. இந்தா முடி. எங்க நாட்டுப் பறவை அன்னம். இந்தா அன்னம், காலையில வடிச்சது."

அடுத்து வீரணன். பலகையோடு படி ஏற முடியாததால் அவனை நாலு பேர் தூக்கி வைத்தார்கள். "நார்வே சின்னம் கோடாலி பிடிச்ச சிங்கம். கோடாலி வந்துருச்சு. சிங்கம் இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மொக்கையன் ஒரு பெரிய ஐஸ் பாளத்தைக் கொண்டுவந்து வைத்து, அதன் மேல் ஏறி நின்று ஐஸ்லாந்து என்றான். வெயிலில் நாடு கரைந்து ஓட ஆரம்பித்தது. அவன் கலங்கவில்லை. கீழே ஒரு குடத்தை வைத்துப் பிடித்து, "இது குடியரசு, எல்லாரும் குடிங்க" என்று டம்ளரில் கொடுத்தான். வெயிலுக்கு இதமாக இருந்ததால் ஜனம் கை தட்டியது.

குருவையா மட்டும் கந்தப்பிச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, சுருட்டை முடின்னியே, அவரா? வயசு முத்தின ஆளா இருக்காரே."

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். "முடி அவரோடதுதான்ப்பா. கீழ இருக்கிறதுதான் மாறியிருக்கு."

கூட்டத்தில் இருந்த பேச்சியம்மாள் காதில் இது விழுந்தது. "யாரைப் பாத்து மாப்பிள்ளைங்கிறீரு?" என்று எழுந்தாள். அதே நேரம் ஒரு காக்கை வந்தது. கந்தப்பிச்சை அந்த முடியைச் சோற்றுப் பசையால்தான் ஒட்டியிருந்தார். காக்கை தட்டுச் சோற்றைப் பார்த்தது, தலைச் சோற்றைப் பார்த்தது. தலையே மேல் என்று முடிவு பண்ணி ஒரே கொத்தாகக் கொத்திக்கொண்டு பறந்தது. சுருட்டை முடி முழுக்க வானத்தில் போனது.

"என் முடி!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். சடையாண்டி பாய்ந்து முன்னால் வந்தான். அப்போதும் கையை ஏந்தியபடியேதான் வந்தான், பந்தயத்துக்குத் தயாராக நின்றவன் அல்லவா.

"அந்த முடிக்கு உரியவன் இவன்தாங்க, இவன்தான் மாப்பிள்ளை" என்றார் கந்தப்பிச்சை வழுக்கையைத் தடவிக்கொண்டு.

குருவையாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி, முடி வளர்ந்துடும். கையில என்னத்தை ஏந்திக்கிட்டு இருக்காரு?"

"பொண்டாட்டியைங்க" என்றான் சடையாண்டி. உள்ளதைச் சொல்லித்தானே பழக்கம்.

குருவையா தாம்பாளத்தை மூடிவிட்டார். "ஏற்கனவே பொண்டாட்டி இருக்கா?"

"இருக்கா, ஆனா இல்லீங்க" என்றார் ஒச்சு, மூன்று முடியும் நடுங்க.

"எங்க இல்ல?"

"அவன் கையில இல்ல. நல்லாப் பாருங்க."

குருவையா கிட்ட வந்து நன்றாகப் பார்த்தார். "ஆமா. சுத்தமா இல்ல. ஆனா ஒருத்தியைக் கையில வச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு, அவ இல்லாட்டியும், எம்பொண்ணை ரெண்டாந்தாரமாக் குடுக்க முடியாது."

செவ்வந்தி மூக்கைச் சிந்தினாள். "அவ கனமா இருக்காளான்னு கேளுங்கப்பா."

"கனமே இல்லீங்க" என்றான் சடையாண்டி, நல்ல பதில் என்று நினைத்து.

"பாத்தீங்களா! நாளைக்கு என்னைத் தூக்கிட்டு, நீ கனக்கிற, அவ கனக்கலைன்னு சொல்வாரு!"

கையில் இருந்தவளைக் கீழே போடவும் சடையாண்டிக்கு மனசு வரவில்லை, இத்தனை நாள் தூக்கிச் சுமந்தவன். செவ்வந்தியை விடவும் முடியவில்லை. ஐவரும் மேடை ஓரத்தில் குந்தி ஆலோசனை பண்ணினார்கள்.

"பிறந்த வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்றார் கந்தப்பிச்சை கடைசியில். "பின்லாந்துப் பொண்டாட்டி. பின்லாந்துக்கே போகட்டும். வெட்டிவிட்ட மாதிரியும் இருக்காது, மரியாதையாவும் இருக்கும்."

குருவையாவுக்கும் அது சரியாகப் பட்டது. எல்லோரும் ஊர்வலமாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். சடையாண்டி நடுவில், கை ஏந்தியபடி. ஒரு பஸ் வந்தது.

"அண்ணே, பின்லாந்து போகுமா?"

கண்டக்டருக்கு நிற்க நேரமில்லை. "பின்னால வர்ற வண்டியில ஏறுய்யா!" என்று விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா, பின்லாந்து வண்டி பின்னாலதான் வருது" என்றார் கந்தப்பிச்சை. "சொல்லலை நானு?"

பின்னால் வந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக ஒரு சீட் பிடித்து, சடையாண்டி அவளைப் பதமாக உட்கார வைத்தான். அதில் உட்கார வந்த ஒருவரை ஐந்து பேரும் சேர்ந்து அதட்டினார்கள். கீழே இறங்கியபோது அவன் கை முதல் தடவையாகத் தொங்கியது. குருவையா அந்தக் கையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், தாம்பாளத்தைக் கொடுத்தார். வெற்றிலை பாக்கு மாறியது. செவ்வந்தி சிரித்தாள். சடையாண்டி மொட்டைத் தலை வரைக்கும் சிவந்து போனான்.

அப்போதுதான் குருவையாவுக்கு ஒரு கவலை வந்தது.

"ஏம்ப்பா, ஒரு பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாவா அனுப்புறது? நாளைக்கு ஊரு நம்மளைத்தானே பேசும்?"

"ஆமாங்க" என்றார்கள் ஐவரும் வெட்கப்பட்டு.

"செவ்வந்தி, நீ போயி அவ பக்கத்துல துணைக்கு உக்காரும்மா."

அப்பா சொல்லைத் தட்டாத பெண். ஏறினாள், காலி சீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஒதுங்கியே உட்கார்ந்தாள், பஸ் கிளம்பிவிட்டது.

புழுதி அடங்குகிற வரைக்கும் சடையாண்டி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இப்ப எனக்கு எத்தனை பொண்டாட்டி?"

கந்தப்பிச்சை விரலை மடக்கி எண்ணினார். "ரெண்டுடா. ஒருத்தி இல்லாதவ. ஒருத்தி இங்க இல்லாதவ."

அதைக் கேட்டதும் சடையாண்டி பஸ்ஸுக்குப் பின்னால் எடுத்தான் பாருங்கள் ஓட்டம். கொஞ்ச தூரம் போனவன் சட்டென்று திரும்பி வந்தான். வெறுங்கையோடு ஓடினால் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்களே என்று கந்தப்பிச்சையை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினான். "என் வீட்டுக்காரரை எங்கேடா கொண்டு போற, அவருக்குப் பொண்டாட்டி நான் இருக்கேன்" என்று பேச்சியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி, வீரணனைப் பார்த்து அந்தக் கோடாலியை... இருங்கள், தொட்டிலில் பிள்ளை முழித்துவிட்டானாம், அத்தை கூப்பிடுகிறார்கள், கோடாலியைக் கேட்டாளா, அவன் உடனே சிங்கம் வந்துவிட்டது என்று கோடாலியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு... இதோ வந்துட்டேன் அத்தை!