ஞானாதிக்கம் கட்டிய மதில்

பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி வரை ஒரே நாளில் சுற்றிக்காட்ட, சுற்றுலா வழிகாட்டி ஆக்னெஸுக்கு வாய்த்தவர், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் அருணகிரி. கூடவே அவர் மனைவி கோமதி.

ஆக்னெஸ் வாயைத் திறந்தாலே அருணகிரி "தெரியும்" என்பார். கடல் கொண்ட ஊரைப் பற்றிச் சொன்னாள், தெரியும். டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய கதையைச் சொன்னாள், அதுவும் தெரியும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று. தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியாத ஒண்ணையாவது சொல்லும்மா. இல்லன்னா உன்னை வேலைக்கு வச்சதே தப்புன்னு உங்க ஆபீசுக்கு எழுதிடுவேன்."

எழுதக்கூடியவர்தான். ஆக்னெஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சார், இந்த மதிலைக் கட்டின தலைமைக் கொத்தனார் பேரு ஞானாதிக்கம்."

"தெரியும். அவரைப் பத்திப் பெரிய கட்டுரையே படிச்சிருக்கேன்."

ஆக்னெஸ் திரும்பி, "ஞானாதிக்கம் அண்ணே!" என்று குரல் கொடுத்தாள்.

காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கையில் துணியோடு ஓடிவந்தார். "கூப்பிட்டியா தங்கச்சி?"

அருணகிரி டிரைவரைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மறுபடி டிரைவரைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. "அப்போ... மதிலைக் கட்டினது யாரு?"

"அது எனக்கும் தெரியாது சார். சும்மா அண்ணன் பேரைச் சொன்னேன்."

கோமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காலையிலேர்ந்து இவர் வண்டியிலதானே வர்றோம். இவர் பேருகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது" என்றார் அருணகிரி.