அக்கரையில் அறுபது புகை

“போர்ச்சபையில் பெண்களை உட்கார வைக்கச் சொல்கிறார் அரசர். அவருக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா அம்மா?”

படைத்தலைவன் காரிவேள் ஆற்றங்கரைக் குடிசைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தான்.

அவனுடைய குரு மருதி, அவனைவிடப் பத்து வயது சின்னவள். அவளிடம் மட்டும்தான் அவன் மனம்விட்டுப் பேசுவான். மற்ற எல்லார்மேலும் சந்தேகம். தன் நிழலையே ‘எதற்குப் பின்னால் வருகிறாய்?’ என்று கேட்கிற ஆள்.

“உட்கார வைத்தால் என்ன?”

“என்னவா? இந்தக் கரையில் வாழ வந்த பெண்களில் பாதிப் பேர் அக்கரை நாட்டில் பிறந்தவர்கள். சபையில் பேசுவது மறுநாளே பிறந்த வீட்டுக்குப் போய்விடும்.”

“உன் மனைவி?”

“அவளும் அக்கரைக்காரிதான். ஒரு வாரமாக ஓடத்துறையில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். யாருக்கோ ஜாடை காட்டுகிறாள். காவல் போட்டிருக்கிறேன்.”

“அடப்பாவி!”

“அங்கே பாருங்கள் அம்மா.”

ஆற்றுக்கு அப்பால், வரிசையாகப் புகை.

“அறுபது. ஏழு நாளாக எண்ணுகிறேன். காலையிலும் மாலையிலும் எழும்புகிறது. அவர்கள் படை இறங்கிச் சமைக்கிறது. நாளை சபை கூடும். மறுநாள் விடிந்ததும் நம் நெருப்பு அம்பு. ஒரு கூரை மிஞ்சாது.”

“உன் மகள் வஞ்சி வாழ்க்கைப்பட்ட ஊர் அது.”

காரிவேள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“படை வந்தால் பெண்களை முதலில் வெளியூர் அனுப்பிவிடுவார்கள். அவள் அங்கே இருக்க மாட்டாள்.”



மருதி கொல்லைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். “வெள்ளச்சி, இங்கே வா.”

உப்புக்காரி ஒருத்தி அளக்கும் படியும் கையுமாக உள்ளே வந்தாள். காரிவேளின் கை வாளுக்குப் போனது. இவள் இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தாள்?

“நீ பிறந்தது எங்கே?”

“அக்கரைதான் அம்மா.”

“அந்தப் புகை என்ன?”

வெள்ளச்சி தலைவனைப் பார்த்தாள்.

“சொல்லு. நான் இருக்கிறேன்.”

“வெந்நீர் அடுப்பும்மா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாத பொண்ணுக்கு அந்த ஊரே தாய்வீடு. புள்ள பொறந்து பதினாறு நாள் வரைக்கும், காலையிலயும் சாயங்காலமும், எல்லா வீட்டு வாசல்லயும் அடுப்பு எரியும். அவ குளிக்க வீட்டுக்கு ஒரு குடம் வெந்நீர் போகும்.”

“எந்தப் பெண்?” என்றான் காரிவேள்.

“ஓடம் நின்னதால வர முடியாத பொண்ணு, ஐயா.”

ஓடத்தை நிறுத்தியவன் அவன். மூன்று மாதம் ஆகிறது. அப்போது வஞ்சி ஆறு மாதக் கர்ப்பிணி. காரிவேள் விரல் விட்டு எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

“என் மனைவிக்குத் தெரியுமா?”

“இந்தக் கரையில அக்கரைப் பொண்ணு அத்தனை பேருக்கும் தெரியும்.”

“ஒருத்திகூட ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கத்தினான்.

“அக்கரைச் சேதி பேசினா நாக்கை அறுப்பேன்னு தண்டோரா போட்டது நீங்கதானே ஐயா.”

காரிவேள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாள். இன்னும் இரண்டே இரண்டு நாள் போயிருந்தால்!

பிறகு தலையைத் தூக்கினான்.

“ஆணா, பெண்ணா? அதுவும் புகையில் தெரியுமா?”

“தெரியும் ஐயா. அது வந்து...”

மருதி கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

“நாளைக்குச் சபையில் இவளை உட்கார வைத்துக் கேள்” என்றாள்.