பூதியரையரின் பன்னிரண்டு கற்கள்

கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. அந்தக் காலத்தில் தாழைவாய் நாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. பூதியரையர் என்ற அரசர் அதை ஆண்டுவந்தார். எவ்வளவு சின்ன நாடு என்றால், கிழக்கெல்லையில் அவர் தும்மினால் மேற்கெல்லையில் இருப்பவர் "நூறு வயசு" என்று வாழ்த்துவார்.

நல்ல அரசர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் கதையில் அது அவ்வளவாகத் தெரியாது.

அந்த நாடு முழுக்க வண்டல் மண். தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் இன்னும் களிமண். கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் அடுப்படிக்குப் போய் அம்மியைத்தான் பார்க்க வேண்டும். அந்த அம்மியும் மலையடிவாரத்திலிருந்து இருபது நாள் வண்டியில் வந்ததாக இருக்கும். அங்கே பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது பொன் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள், அம்மி உண்டா என்றுதான் கேட்பார்கள்.

மார்கழியின் கடைசி நாள்தான் அவர்களுக்கு ஆண்டின் கடைசி நாள். அன்று ஒவ்வொருவரும் தேய்ந்துபோன பொருள் ஒன்றை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து தீயில் போட வேண்டும். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பொத்தல் முறம், எதுவானாலும் சரி. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடிந்தால் தை.

பூதியரையர் பட்டத்துக்கு வந்த முதல் ஆண்டு, ஒரு சிக்கல் வந்தது. அரண்மனையில் கிழிந்த பாய் இல்லை. அவர் யோசித்தார். பிறகு தீக்கு முன்னால் நின்று, "இந்த ஆண்டு நான் என் கோபத்தை விடுகிறேன்" என்றார்.

கூட்டம் கைதட்டியது. அரையருக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். பாயை எரித்தால் சாம்பல் சாட்சி. கோபத்தை விட்டால் எது சாட்சி?

கல்தான் சாட்சி என்று முடிவு செய்தார். மலையடிவாரத்துக்கு வண்டி போனது. ஒரு கல் வந்தது. மாதேவன் என்ற கல்தச்சனும் அதோடு வந்தான். "பூதியரையர் சினம் துறந்தார்" என்று ஆழமாக வெட்டி, ஊரெல்லாம் நடந்துபோகும் ஏரிக்கரையின் மேலேயே நட்டார்கள்.

கல் இரண்டு விரற்கடை சாய்ந்து நின்றது. அதைப் பார்த்த அரையர் மாதேவனை ஒரு நாழிகை திட்டினார். மரத்திலிருந்த காக்கைகள் வேறு மரத்துக்குக் குடிபோயின. திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது, எதிரே இருந்த எழுத்தைத் தாமே படித்தார். பிறகு ஒன்றும் நடக்காதவர் மாதிரி மேலாடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

இரண்டாம் ஆண்டு, பெருந்தீனியைத் துறந்தார். அந்தக் கல்லை நட்டதற்காக ஒரு விருந்து. விருந்தில் அதிரசம். பத்து சாப்பிட்டது அரசருக்கு, பதினொன்றாவது கல்லுக்கு, பன்னிரண்டாவது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டு, தற்பெருமையைத் துறந்தார். அந்தக் கல்லின் எழுத்து மட்டும் மற்ற இரண்டைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று சொன்னார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

இப்படியே பொறாமை, சோம்பல், பிடிவாதம் என்று ஆண்டுக்கு ஒன்றாகத் துறந்துகொண்டே போனார். பதினொரு ஆண்டுகளில் பதினொரு கற்கள் வரிசையாக நின்றன. வெளியூர்க்காரர்கள் படித்துவிட்டு, "இத்தனை கெட்ட குணமா இந்த மனுஷனுக்கு இருந்தது?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அரையருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகத் தெரியும். காலையில் கரைமேல் நடக்கும்போது ஒவ்வொரு கல்லையும் தாண்டுகையில் அவர் முகம் கொஞ்சம் வேறு பக்கம் திரும்பும். "பதினொரு வருஷத்துல வளர்ந்தது என்னவோ வயிறுதான்" என்று முணுமுணுத்துக்கொள்வார். ஆனாலும் மார்கழி முடியும்போது அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது. வரும் ஆண்டாவது நாம் நல்லவனாகிவிடுவோம் என்று அந்த ஒரு நாள் முழுக்க நம்பலாமே!

நான் சிரிக்கவில்லை, கேட்டீர்களா? மார்கழி முடிவில் நானும் வெற்றிலையை விடுகிறவன்தான். இதுவரை ஒன்பது தடவை விட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் ஆண்டு வந்தது. இந்த முறை மிச்சம் எதுவும் வைக்காமல், பற்று அனைத்தையும் துறந்துவிடுவது என்று அரையர் தீர்மானித்தார். அதற்கு ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு கல் வேண்டும் என்றார்.

ஐப்பசி மாதம், மதகு காக்கும் சாத்தி அரண்மனைக்கு வந்தாள். ஏரி அவள் கையில். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவள்தான். கரையின் ஒவ்வொரு அடியும் அவளுக்குத் தெரியும்.

"சாமி, மதகுக்குத் தெக்கால கரையில நண்டு வளை போட்டிருக்கு. கை உள்ள போகுது. நாப்பது வண்டி களிமண் அடிச்சாத்தான் தாங்கும்."

"அடிச்சிடலாம் சாத்தி" என்றார் அரையர். "வண்டியெல்லாம் மலைக்குப் போயிருக்கு. கல்லோட வந்ததும் முதல் வேலை அதுதான்."

வண்டிகள் வந்தன. ஆனால் ஒன்றரை ஆள் உயரக் கல்லை இழுத்து வந்த மாடுகளுக்கு நடக்கவே தெம்பில்லை. சாத்தி இன்னொரு தடவை வந்தாள். மூன்றாவது தடவையும் வந்தாள். மூன்றாவது தடவை அரையர், எழுத்தின் அளவைப் பற்றி மாதேவனோடு பேசிக்கொண்டிருந்தார்.

மார்கழியின் கடைசியில் மழை வரக்கூடாது. நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும் நேரம். அந்த ஆண்டு மட்டும் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. கடைசி நாள் காலை, கொட்டும் மழையில் பன்னிரண்டாவது கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, சாத்தி சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தாள்.

"சாமி, கரை உடைச்சுக்கிச்சு!"

அரையர் ஓடினார். மதகுக்குத் தெற்கே, நாற்பது அடி தள்ளி, ஒரு வண்டி நுழையும் அகலத்துக்குக் கரை வாயைத் திறந்திருந்தது. செந்தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே மூன்று ஊர்கள். மூன்று ஊரின் நெல்லும் அறுக்காமல் வயலில் நின்றது. இந்த வாய் இன்னும் இரண்டு மடங்கு அகன்றால் வயலோடு வீடுகளும் போய்விடும்.

ஊரே கரைமேல் இருந்தது. முதலில் மூங்கிலும் வைக்கோலும் போட்டார்கள். தண்ணீர் கொண்டுபோனது. பிறகு கூடை கூடையாகக் களிமண் போட்டார்கள். அதையும் கொண்டுபோனது. தீயில் போடுவதற்கென்று கொண்டுவந்த பாயையும் முறத்தையும் அள்ளிப் போட்டார்கள். அது போன இடமே தெரியவில்லை.

"கனம் வேணும்" என்றாள் சாத்தி. "கனமா எதாச்சும் அடியில போய் உக்காந்தாத்தான் மேல மண்ணு நிக்கும்."

சிலர் வானத்தைப் பார்த்தார்கள். சிலர் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். வரிசையாக நின்ற பன்னிரண்டு கற்களை மட்டும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அரசரிடம் அவ்வளவு மரியாதை அவர்களுக்கு.

அரையருக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருக்கவும் முயன்றார்.

"வீடுகள்ல அம்மி இருக்குமே..." என்று இழுத்தார்.

"போட்டாச்சு சாமி" என்றாள் சாத்தி. "ராத்திரி கரை கசிய ஆரம்பிச்சப்பவே மூணு ஊர் அம்மியும் உள்ள போயாச்சு. அதனாலதான் இவ்வளவு நேரமாச்சும் நிக்குது."

அரையர் அப்போதுதான் பெண்களின் கைகளைப் பார்த்தார். எல்லாம் வெறுங்கைகள். சீதனமாக வந்த அம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கல்லைத் தள்ளுங்கப்பா" என்றார்.

சினம் துறந்த கல் முதலில் போனது. அது பரவாயில்லை, அதை யாரும் நம்பியதும் இல்லை என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார். அடுத்துப் பெருந்தீனி போனது. தற்பெருமைக் கல் உருளும்போது மட்டும் கரையோரம் வரை கூடவே நடந்து போய்ப் பார்த்தார். எவ்வளவு நல்ல எழுத்து! பொறாமை போனது, சோம்பல் போனது, பிடிவாதம் கொஞ்சம் அசைய மறுத்துப் பிறகு போனது. பதினொன்றும் உள்ளே போய்விட்டன. பாய்ச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் நடுவில் இன்னும் ஓர் ஆள் அகலத்துக்குத் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றாள் சாத்தி. "பெரிசா ஒண்ணு."

அரையர் எப்படிப் பன்னிரண்டாவது கல்லுக்குப் பக்கத்தில் போனார் என்று அவருக்கே நினைவில்லை. போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இது வேண்டாம். இன்னைக்குத்தான் எழுத்து வெட்டி முடிஞ்சுது. இன்னும் ஒருத்தர்கூடப் படிக்கல. ஒரே ஒரு நாள் நிக்கட்டுமே."

ஒருத்தர்கூடப் படிக்கவில்லை என்பது மாதேவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பாவம், அவன் கள்ளமில்லாமல், மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசித்துக் காட்டினான்:

"பூதியரையர் பற்று அனைத்தும் துறந்தார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அரையர் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். எல்லோரும் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். பத்து விரல்களும் கல்லை இறுக்கிக்கொண்டிருந்தன. நகத்துக்குள் கல் தூள்.

முதலில் அவருக்கு அழுகைதான் வந்தது. வரும் வழியில் அது எப்படியோ சிரிப்பாகிவிட்டது. அரையர் கல்லைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட மடப் பூதி" என்றார் தம்மையே. "இதை விட்டதாச் சொல்றதுக்கு இதையே புடிச்சுக்கிட்டு நிக்கிறியே!"

பிறகு கையை எடுத்தார். மற்றவர்களோடு தாமும் தோள் கொடுத்துத் தள்ளினார். கல் அசைந்தது, உருண்டது, உடைப்புக்குள் போய்ப் படுத்தது. அந்த வேகத்தில் தலைப்பாகை தண்ணீரோடு போனது. அரையர் மல்லாந்து சேற்றில் விழுந்தார். யாரும் தூக்கிவிட வரவில்லை. எல்லோரும் மண்கூடையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நண்பகலுக்குள் உடைப்பு அடைபட்டது. மூன்று ஊரும் பிழைத்தன. வயலோரத்தில் கொஞ்சம் நெல் படுத்ததோடு சரி.

அரையர், சேறு வடிய, ஊராருக்கு நடுவில் வந்து நின்றார். வழக்கமாக அவர் துறவு சொல்லும் நாள் அது. கூட்டம் பழக்கதோஷத்தில் கைதட்டத் தயாரானது.

"சாத்தி ஐப்பசியில மண் கேட்டா" என்றார். "நான் வண்டியைக் கல்லுக்கு அனுப்பினேன். மூணு தடவை வந்தா. மூணு தடவையும் நான் கேட்கல. கரை உடைஞ்சது நண்டால இல்ல, என்னால."

சாத்தி கூடையை இறக்கி வைத்தாள். அவள் ஏதாவது இதமாகச் சொல்வாள் என்று அரையர் எதிர்பார்த்தார். உங்களிடம் மறைப்பானேன், ரொம்பவே எதிர்பார்த்தார்.

"ஆமா சாமி" என்றாள் சாத்தி. "உங்களாலதான்."

அரையருக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது. பழக்கத்தில் கண் சினம் துறந்த கல்லைத் தேடிப் போனது. கல் இல்லை. இத்தனை நாளும் கோபத்தை விடும் வேலையைக் கல்லிடம் கொடுத்துவிட்டு அவர் சும்மா இருந்தார். இன்று அந்த வேலை அவரிடமே திரும்பி வந்துவிட்டது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார்.

விழுங்கினார். அது சுலபமாக இறங்கவில்லை. இன்னொரு தடவை விழுங்கினார்.

"சரிதான்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

மாதேவன் உளியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "இந்த வருஷத்துக்கு என்னன்னு வெட்டட்டும் சாமி?"

"ஒண்ணும் வெட்டாதே. மண்வெட்டி இருக்கா, எடுத்துக்கிட்டு வா. கரை இன்னும் ஈரமா இருக்கு."

அந்தப் பொங்கலுக்கு மூன்று ஊரிலும் எந்த வீட்டிலும் துவையல் இல்லை. அரைக்க அம்மி ஏது? அரண்மனை அம்மி மட்டும் மிஞ்சியிருந்தது. அரையர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஊரின் கடைக்கோடி வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். மறுவாரமே வண்டிகள் மலைக்குப் போயின. இந்தத் தடவை வீட்டுக்கு ஓர் அம்மி ஏற்றிவர.

பூதியரையர் அதற்குப் பிறகு பெரிய மகானாகிவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. தை மாதத்திலேயே இரண்டு தடவை கத்தினார். இரண்டு தடவையும் போய் மன்னிப்புக் கேட்டார். அதிரசம் எட்டோடு நின்றது.

இதோ, நீதி: ஒன்றை விட்டுவிட்டேன் என்று ஊருக்குக் காட்டும் ஆசையை விடாதவரை நாம் எதையுமே விடவில்லை.