உள்தாழ்ப்பாள்

பனங்காட்டு ஓரத்தில் இருந்த அந்தச் சபையில் கொஞ்ச காலமாக ஒரே சண்டை. கர்த்தருடைய இரண்டாம் வருகை, கடைசிக் காலத்தில் உலகத்தை வாட்டப்போகிற மகா உபத்திரவத்துக்கு முன்னாலா, பின்னாலா?

முன்னால் என்றவர்கள், இரகசிய வருகையில் பரிசுத்தவான்கள் சட்டென்று மறைந்து பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் பூமியில் கிடந்து அலறுவார்கள் என்றார்கள். பின்னால் என்றவர்கள், எல்லோரும் பாடுபட்டுத்தான் அவரைக் காண முடியும் என்றார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு கட்சி முன்வாசல் வழியாகப் போகும், மற்றது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகும். பரலோகத்துக்கும் இரண்டு வாசல் கேட்பார்கள் போலிருந்தது.

முன்னால் கட்சிக்கு வேதமுத்து தலைவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது போதகர் தேவநேசனிடம் உபதேசியார் ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். போதகர் இவரைவிட வயதில் ரொம்ப இளையவர். எதிர்க்கட்சிக்குப் பொன்னையா தலைவர். வேதமுத்துவின் மனைவி கனகம் பொன்னையா கட்சியோடு பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தது அவருக்கு முள்ளாகக் குத்தியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் போதகரிடம் வந்தார்.

"ஐயா, இன்னைக்கு உபவாச ஜெபத்துல நீங்க ஒண்ணு சொல்லியாகணும். முன்னாலயா, பின்னாலயா?"

"சொல்லாட்டா?"

"பாதிச் சபையைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"கனகம் அக்காவையுமா?"

"அவ வரமாட்டா. வருகையில விடப்பட்டுப் போவாளேன்னு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, ஐயா."

"சாயங்காலம் வாங்க, அண்ணாச்சி" என்றார் போதகர்.

சாயங்காலம் கனகம் ஜெபத்துக்கு முதலில் கிளம்பினார்.

"இன்னைக்கே வருகை வந்தா நீ இங்கதான் கெடப்பே" என்றார் வேதமுத்து.

"கெடந்தா கெடக்கேன். அங்க ஒங்களுக்குச் சோறு யாரு பொங்குவா?"

அந்தக் கோபத்தில் வேதமுத்து வேண்டுமென்றே தாமதமாகப் போனார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஆலயத்தின் முன்வாசலில் வழக்கம்போல் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஆள் ஒருவரும் இல்லை. பாய்களில் வேதாகமங்கள் திறந்தபடி கிடந்தன. ஒன்றின் மேல் யாருடைய மூக்குக்கண்ணாடியோ இருந்தது. காற்றில் தாள்கள் தாமாகப் புரண்டன.

வேதமுத்து மறுபடி வாசலுக்கு வந்து செருப்புகளைப் பார்த்தார். பொன்னையாவின் டயர் செருப்பு இருந்தது. அதன் பக்கத்தில், வாரில் ஊக்கு குத்திய கனகத்தின் செருப்பும் இருந்தது.

அவளும் போய்விட்டாள். நான்தான் விடப்பட்டவன்.

அப்போது பனங்காட்டுக்குள்ளிருந்து பலபேர் அலறும் சத்தம் கேட்டது. கைவிடப்பட்டவர்கள் இப்படித்தான் அழுவார்கள் என்று எத்தனையோ தடவை பிரசங்கித்தவர் அவர். பின்வாசல் திறந்து கிடந்தது. ஓடிப்போய்ச் சாத்தினார். இரண்டு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் போட்டார். மூலையில் தொங்கிய மணிக்கயிற்றை, மணி அடித்து உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடாதபடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக.

"யாரு?"

"நாந்தான். கதவைத் தொறங்க. அந்தக் கயித்தைத் தாங்க."

கனகத்தின் குரல்.

எடுத்துக்கொள்ளப்பட்டவள் எப்படித் திரும்பி வருவாள்? கடைசிக் காலத்து வஞ்சக ஆவி வேண்டியவர்களின் குரலில்தான் பேசும் என்று நினைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு "இயேசுவே, இயேசுவே" என்றார். மறுபடியும் தட்டல் கேட்டது. பிறகு நின்றுபோனது.

வெகுநேரம் கழித்து வெளியே ஆள் பேச்சும் டார்ச் வெளிச்சமும் வந்தன. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். பொன்னையாவைக் கட்டிலில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் தூக்கினார்கள். பெண்கள் பாவாடை ரவிக்கையோடு, ஆண்களின் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை.

வேதமுத்து பின்கதவைத் திறந்தார்.

"முகம் கழுவப் பனங்காட்டுக் கெணத்துக்குப் போனவரு, சுவர் சரிஞ்சு உள்ள விழுந்துட்டாரு" என்றார் போதகர். அவர் உடம்பெல்லாம் நனைந்திருந்தது. "போட்டது போட்டபடி பின்வாசல் வழியா ஓடினோம். சேலையெல்லாம் முடிச்சுப் போட்டுத்தான் தூக்கினோம். பாதியில முடிச்சு அவுந்து மறுபடி விழுந்துட்டாரு. உயிர் இருக்கு. காலு ரெண்டும் போச்சு."

கனகம் தலையில் அடித்துக்கொண்டார். "மணிக்கயிறு இருந்துச்சே! ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரலியே!"

"நீ வந்து கேட்டியே, கனகம்" என்றார் வேதமுத்து.

"நானா?"

"கதவைத் தட்டிக் கேட்டியே. கயித்தைத் தாங்கன்னு."

"நான் கெணத்தடியை விட்டு நகரவே இல்லியே. சேலையைப் பிடிச்சுக்கிட்டுல்லா நின்னேன்."

"வேற யாராவது..."

"யாரும் வரல அண்ணாச்சி" என்றார் கட்டில் தூக்கி வந்தவர்களில் ஒருவர். "எல்லாரும் அங்கனதான் நின்னோம்."

வேதமுத்து கட்டிலைப் பார்த்தார். பொன்னையா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். வேதமுத்துவின் உள்ளங்கையில் கயிற்றின் தடம் சிவந்து கன்றியிருந்தது. அவர் மெல்லப் போதகரின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அப்போ தட்டினது யாரு?"

போதகர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கதவின் உள்தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"தொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும், அண்ணாச்சி."