தாமதமே இல்லாத ரயில்

பாதாள ரயில் பெட்டிகளைத் துடைக்கும் ஒப்பந்தக் கூலி செங்கமலம். மூன்று நாள் தாமதமாக வந்தால் வேலை போய்விடும். இரண்டு நாள் ஏற்கெனவே ஆகிவிட்டது. அன்று காலை அவள் ஏறிய ரயில், சிக்னல் பழுதாகிச் சுரங்கத்துக்குள் நாற்பது நிமிடம் நின்றது. வேர்த்து விறுவிறுத்துப் பணிமனைக்கு ஓடினாள்.

வாசலில் மேலாளர் கோதண்டபாணி பத்திரிகைக்காரர்களிடம் தன் ரயில்களைப் பற்றிப் பெருமையடித்துக் கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வருகைப் பதிவேட்டை மூடினார்.

“மூணாவது நாள். இனிமே வராதே, போ!”

“நம்ம ரயில்லதான் சார் வந்தேன். நடுவுல நின்னுபோச்சு.”

“நம்ம ரயிலா? நிக்கவே நிக்காது! அந்தப் பலகையைப் படி.”

செங்கமலம் உரக்கப் படித்தாள்: “இன்றும் ஒரு ரயில்கூடத் தாமதமில்லை.” கீழே அவருடைய கையெழுத்து, மை காயாமல் இருந்தது.

ஏறிய நேரம் அச்சடித்த பயணச்சீட்டை நீட்டினாள். “ரயில் தாமதமில்லேன்னா அதுல வந்த நானும் தாமதமில்ல, கையெழுத்துப் போட வருகை நோட்டைக் குடுங்க. நான்தான் தாமதம்னா, பலகையை நீங்களே திருத்திடுங்க சார்.”

பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறந்தார்கள். மேலாளர் பதிவேட்டைத் திறந்தார்.

அவர்கள் போனதும் சீறினார்: “முதல்ல அந்தப் பலகையைத் துடை!”

துடைத்தாள்.

“துடைச்சாச்சு சார். சிக்னலை எப்போ பார்ப்பீங்க? நாளைக்கும் அதே ரயில்லதான் நான் வரணும்.”